மாதவிடாயும் மனநிலையும்: உங்கள் மாதத்தை நீங்களே படித்துப் புரிந்துகொள்ள ஒரு முழுமையான வழிகாட்டி

ஒரு பெண் கோபமாகப் பேசினால் "என்ன, டேட் வந்துடுச்சா?" என்று கேட்பவர்கள் எல்லா இடத்திலும் இருக்கிறார்கள். அவளுடைய கோபத்துக்கு நியாயமான காரணம் இருக்கலாம் என்பது அவர்களுக்குத் தோன்றுவதே இல்லை. அது போகட்டும், அவர்கள் போடும் கணக்கும் தப்பு. மாதவிடாயை ஒட்டி வரும் மனமாற்றம் பெரும்பாலும் ரத்தப்போக்கு தொடங்குவதற்கு முந்தைய சில நாட்களில்தான் தலைகாட்டும். தொடங்கி இரண்டு மூன்று நாளில் பலருக்கு அது விலகியும் போய்விடும்.

அதற்காக ஒன்றுமே நடப்பதில்லை என்று சொல்லிவிடவும் முடியாது. மாதத்தில் சில நாட்கள் காரணமே தெரியாமல் அழுகை வருகிற பெண்கள் உண்டு. அந்த நாட்களில் படிக்கவும் வேலை பார்க்கவும் முடியாமல் போகிறவர்கள் உண்டு. எந்த வித்தியாசமும் உணராதவர்களும் நிறைய உண்டு. இவர்களில் நீங்கள் யார் என்பதை ஊகத்தால் சொல்ல முடியாது. தோழியின் அனுபவத்தை வைத்தும் சொல்ல முடியாது. இரண்டு மாதம் எழுதிப் பார்த்தால் தெரிந்துவிடும். எப்படி எழுதுவது, எழுதியதை எப்படிப் படிப்பது, படித்த பிறகு என்ன செய்வது என்பதுதான் இந்த வழிகாட்டி.

1. முதலில் கணக்கைப் புரிந்துகொள்ளுங்கள்

ரத்தப்போக்கு தொடங்கும் நாள்தான் சுழற்சியின் முதல் நாள். அங்கிருந்து அடுத்த மாதவிடாய்க்கு முந்தைய நாள் வரை ஒரு சுழற்சி. 28 நாள் என்பது பாடப்புத்தகக் கணக்கு. வளர்ந்த பெண்களுக்கு 21 முதல் 35 நாள் வரை இயல்புதான். வயதுக்கு வந்த முதல் சில ஆண்டுகளில் 45 நாள் வரை போனாலும் பயப்பட வேண்டியதில்லை.

இந்தச் சுழற்சியில் இரண்டு பாதிகள். முதல் பாதியில் சூலகத்தில் ஒரு கருமுட்டை முதிர்கிறது, ஈஸ்ட்ரோஜன் என்ற ஹார்மோன் படிப்படியாக ஏறுகிறது. முட்டை வெளிவருவதற்குச் சற்று முன் அது உச்சத்தைத் தொடும். மனநிலையைச் சீராக வைத்திருக்க உதவும் செரோடோனின் என்ற மூளை வேதிப்பொருள் வேலை செய்யும் விதத்தில் ஈஸ்ட்ரோஜனுக்கும் பங்கு இருக்கிறது. அந்த நாட்களில் தெம்பாக இருக்கிறது என்று பலர் சொல்வதற்கு அது ஒரு காரணமாக இருக்கலாம்.

முட்டை வெளிவந்த பிறகு புரோஜெஸ்டிரோன் என்ற இன்னொரு ஹார்மோன் ஏறத் தொடங்கும். உடலில் அது சிதையும்போது அலோபிரெக்னனலோன் என்று ஒரு பொருள் உருவாகிறது. பெயரை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டாம், அது செய்யும் வேலையை மட்டும் தெரிந்துகொண்டால் போதும். பதற்றத்தைத் தணிக்கும் மாத்திரைகள் மூளையில் எந்த இடத்தில் போய் வேலை செய்கின்றனவோ, கிட்டத்தட்ட அதே இடத்தில்தான் இதுவும் வேலை செய்கிறது. பெரும்பாலானவர்களுக்கு இது அமைதி தரும். சிலருடைய மூளை மட்டும் இதன் ஏற்ற இறக்கத்தை நேர்மாறாக எடுத்துக்கொள்கிறது. எரிச்சலும் பதற்றமும் வருகின்றன. கரு தங்கவில்லை என்றால் கடைசி நாட்களில் இரண்டு ஹார்மோனும் சேர்ந்து இறங்கும். அதன் பிறகு ரத்தப்போக்கு.

இதில் நடைமுறைக்கு உதவும் ஒரு விஷயம் இருக்கிறது. முட்டை வெளிவந்ததிலிருந்து மாதவிடாய் வரையிலான இரண்டாம் பாதி ஒருவருக்கு அதிகம் மாறாது. சுமார் இரண்டு வாரம். நீள்வதும் குறைவதும் பெரும்பாலும் முதல் பாதிதான். ஆகவே மனமாற்றத்தைக் கணக்கிடும்போது முன்னோக்கி எண்ணாதீர்கள். மாதவிடாய் வந்த பிறகு அந்த நாளிலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள். சுழற்சி 26 நாளோ 38 நாளோ, கவனிக்க வேண்டியது கடைசி ஏழு நாட்களைத்தான்.

வயதுக்கு வந்து ஓரிரு ஆண்டுதான் ஆகிறது என்றால் இன்னொன்றும் உண்டு. அந்தக் காலத்தில் பல சுழற்சிகளில் முட்டையே வெளிவராது. அப்போது இந்த இரண்டு பாதிக் கணக்கு பொருந்தாது, போனில் இருக்கும் பீரியட்ஸ் ஆப் சொல்லும் தேதியும் பொருந்தாது. பதின்மூன்று வயதுப் பெண்ணின் கோபத்துக்கு ஆப்பைப் பார்த்து விளக்கம் சொல்வது வீண் வேலை.

2. 'ஹார்மோன் கோளாறு' என்ற பேச்சை ஓரம் வையுங்கள்

மாதவிடாய்க்கு முன் மனநிலை மோசமாகிறது என்றாலே, ஹார்மோன் கூடிவிட்டது அல்லது குறைந்துவிட்டது என்று நினைக்கிறோம். ரத்தப் பரிசோதனை செய்து எல்லாம் நார்மல் என்று வந்தால் 'அப்படியென்றால் எல்லாம் என் கற்பனைதானா' என்று குழம்புகிறோம்.

1998-இல் அமெரிக்க தேசிய மனநல நிறுவனத்தின் ஆய்வாளர்கள் வெளியிட்ட ஆய்வு இந்தக் குழப்பத்தைத் தீர்க்கிறது. மாதவிடாய்க்கு முன் கடுமையான மனத் தொந்தரவு உள்ள பெண்கள், அப்படி எதுவும் இல்லாத பெண்கள் என இரு தரப்பினருக்கும் சூலக ஹார்மோன்களை மருந்தால் நிறுத்திவைத்தார்கள். தொந்தரவு இருந்தவர்களில் பலருக்கு அது தணிந்தது. அப்படித் தணிந்தவர்களுக்கு ஈஸ்ட்ரோஜனையோ புரோஜெஸ்டிரோனையோ வழக்கமான அளவில் திரும்பக் கொடுத்ததும் தொந்தரவு மீண்டும் வந்தது. மற்ற தரப்புக்கு அதே ஹார்மோன்களைக் கொடுத்தபோது மனநிலையில் மாற்றமே இல்லை.

அதாவது ஹார்மோன் அளவு இரு தரப்புக்கும் ஒன்றுதான். அதை வாங்கிக்கொள்ளும் மூளையின் கூருணர்வுதான் வேறு. ஆகவே ரத்தப் பரிசோதனை நார்மலாக இருப்பது உங்கள் கஷ்டம் பொய் என்பதற்குச் சான்று ஆகாது. நீங்கள் பலவீனமானவர் என்பதற்கும் சான்று ஆகாது.

3. குணம் மாறுகிறதா?

இல்லை. குணம் என்பது ஆண்டுக்கணக்கில் ஒருவரிடம் தொடர்ந்து இருப்பது. பொறுமையோ, பிடிவாதமோ, கூச்சமோ, அக்கறையோ ஒரு வாரத்தில் வந்து அடுத்த வாரம் காணாமல் போவதில்லை. மாறுவது அந்தந்த நாளின் தாங்கும் சக்தி. ரேடியோவின் சத்தத்தைக் கூட்டினால் பாட்டு மாறிவிடாது அல்லவா, அந்த மாதிரி. ஏற்கெனவே இருந்த வருத்தமும் ஏற்கெனவே இருந்த எரிச்சலும் அந்த நாட்களில் உரக்கக் கேட்கின்றன.

மனநிலை மாற்றத்தைக்கூட நாம் தேவைக்கு அதிகமாகவே மாதவிடாயின் தலையில் கட்டுகிறோம். 1977-இல் பிரின்ஸ்டன் பல்கலைக்கழக மாணவிகளை வைத்து ஒரு சோதனை நடந்தது. அடுத்த மாதவிடாய் எப்போது என்று ஒரு புதிய கருவி கணித்துவிடும் என்று அவர்களிடம் சொன்னார்கள். உண்மையில் எல்லோருக்கும் மாதவிடாய்க்கு ஏறக்குறைய ஒரு வாரம் இருந்தது. 'உனக்கு ஓரிரு நாளில் வந்துவிடும்' என்று யாரிடம் சொன்னார்களோ, அவர்கள் உடல் வீக்கம், வலி போன்ற தொந்தரவுகள் அதிகம் இருப்பதாகச் சொன்னார்கள். 'இன்னும் நாள் இருக்கிறது' என்று கேட்டவர்கள் அவ்வளவு சொல்லவில்லை. அவர்கள் யாரும் பொய் சொல்லவில்லை. எதிர்பார்ப்பு உடலைக்கூட வேறு விதமாகப் படிக்க வைக்கும்.

கனடாவில் செய்து 1988-இல் வெளியான இன்னொரு ஆய்வில் ஆண்களும் பெண்களும் தினமும் தங்கள் மனநிலையைக் குறித்துவைத்தார்கள். எதற்காகக் குறிக்கிறோம் என்பது அவர்களுக்குத் தெரியாது. கடைசியில் பார்த்தால், பெண்களின் மனநிலை ஆண்களுடையதைவிட அதிகமாக ஏறி இறங்கவில்லை. மாதவிடாய்ச் சுழற்சியைவிட வாரத்தின் கிழமைகள்தான் மனநிலையை அதிகம் ஆட்டின. ஆனால் பிற்பாடு நினைவிலிருந்து சொல்லச் சொன்னபோது, மாதவிடாய்க்கு முந்தைய நாட்கள் மோசமாக இருந்ததாகப் பெண்கள் சொன்னார்கள். திங்கட்கிழமையை யாரும் கிண்டல் செய்வதில்லை பாருங்கள்.

இப்படித் தினசரிக் குறிப்புகளை வைத்து நடந்த 47 ஆய்வுகளை 2012-இல் தொகுத்துப் பார்த்தார்கள். மாதவிடாய்க்கு முந்தைய நாட்களில் மட்டும் மனநிலை சரிகிறது என்ற வழக்கமான கதை அவற்றில் சுமார் 15 சதவீத ஆய்வுகளில்தான் தெரிந்தது.

இளம்பெண்கள் விஷயத்தில் நான் பயப்படுவது வேறு ஒன்றுக்கு. பதின்மூன்று, பதினான்கு வயதில் மாதவிடாய் மட்டும் வருவதில்லை. தூங்கும் நேரம் பின்னால் தள்ளிப்போகிறது, படிப்பின் சுமை ஏறுகிறது, தோழிகள் மாறுகிறார்கள், கண்ணாடியில் தெரியும் உடம்பே புதிதாக இருக்கிறது. மனச்சோர்வு பையன்களைவிடப் பெண்களுக்கு ஏறக்குறைய இரு மடங்கு அதிகமாகத் தெரியத் தொடங்குவதும் இந்த வயதில்தான். இவ்வளவையும் 'அவளுக்கு அந்த டைம்' என்ற ஒரே சொல்லில் அடக்கிவிட்டால், உதவி தேவைப்படும் பெண்ணுக்கு அது கிடைக்காமல் போகும். திரும்பத் திரும்பக் கேட்கும் பெண்ணும் 'நான் கோபக்காரி, என் குணமே இப்படி' என்று நம்பத் தொடங்கிவிடுவாள்.

4. இரண்டு சுழற்சிகளுக்கு எழுதுங்கள்

நினைவு ஏமாற்றும் என்று பார்த்தோம். அதனால்தான் அன்றன்று எழுத வேண்டும். நோட்டு, போன், எதுவானாலும் சரி. இரவு படுக்கும் முன் இரண்டு நிமிடம் போதும்.

எழுத வேண்டியவை: எரிச்சல், சோர்ந்த மனம், பதற்றம், சட்டென்று வரும் அழுகை ஆகிய நான்குக்கும் 1 முதல் 6 வரை ஓர் எண். 1 என்றால் துளியும் இல்லை, 6 என்றால் தாங்க முடியவில்லை. அப்புறம் எத்தனை மணி நேரம் தூங்கினீர்கள், வலி இருந்ததா, ரத்தப்போக்கு இருந்ததா. கடைசியாக அன்று நடந்தது பற்றி ஒரே ஒரு வரி. இந்த ஒரு வரியைப் பலர் விட்டுவிடுகிறார்கள். எனக்கு இதுதான் மிக முக்கியமாகப் படுகிறது, ஏன் என்பது கீழே தெரியும்.

சுழற்சியின் எத்தனையாவது நாள் என்று அன்றைக்கே எழுத வேண்டாம். அது எதிர்பார்ப்பைக் கிளப்பிவிடும். தேதியை மட்டும் போடுங்கள், நாள் எண்ணை மாதவிடாய் வந்த பிறகு பின்னோக்கி நிரப்பிக்கொள்ளலாம்.

கல்லூரியில் படிக்கும் ஒரு பெண்ணின் நோட்டு இப்படி இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம்:

"9-ஆம் தேதி. எரிச்சல் 5, அழுகை 1. தூக்கம் 7. ப்ராஜெக்ட்டில் நான் செய்ததைத் தன் பெயரில் காட்டிவிட்டாள்."

"20-ஆம் தேதி. எரிச்சல் 4, அழுகை 5. தூக்கம் 5. கேன்டீனில் எனக்கு இடம் பிடித்து வைக்கவில்லை. பாத்ரூமில் போய் அழுதேன்."

"21-ஆம் தேதி. எரிச்சல் 6, அழுகை 4. தூக்கம் 4. தம்பி சார்ஜரை எடுத்துவிட்டான். கத்தினேன். திரும்ப ப்ராஜெக்ட் ஞாபகம்."

"23-ஆம் தேதி. எரிச்சல் 5, அழுகை 5. எதுவும் நடக்கவில்லை. சும்மாவே அழுகை."

"24-ஆம் தேதி. பீரியட்ஸ். வலி. எரிச்சல் 3."

"26-ஆம் தேதி. எரிச்சல் 1, அழுகை 1. இடம் பிடிக்காததற்கா அழுதேன்?"

இதைப் படித்தால் 20 முதல் 23 வரை கடைசி நாட்களின் தாக்கம் தெரிகிறது. இடம் பிடிக்காததும் சார்ஜரும் மற்ற நாட்களில் சின்ன விஷயங்கள். ஆனால் 9-ஆம் தேதியின் கோபம் சுழற்சியின் நடுவில், நன்றாகத் தூங்கிய நாளில் வந்தது. அதற்குக் காரணம் ஹார்மோன் இல்லை, உழைப்பைத் திருடியவள்தான். 21-ஆம் தேதி அது திரும்பவும் பெரிதாகத் தலைதூக்கியது என்பதால் அந்தப் புகார் பொய்யாகிவிடாது. அந்த ஒரு வரி இல்லாமல் வெறும் எண்களைப் பார்த்திருந்தால், இரண்டையும் சேர்த்து 'மூட் சரியில்லை' என்று ஒரே மூட்டையாகக் கட்டியிருப்பாள். இரவு நாலு மணி நேரத் தூக்கத்தையும் கவனியுங்கள். அது தனி வில்லன்.

5. எழுதியதைப் படிப்பது

இரண்டு சுழற்சி முடிந்ததும் ஒரு நாள் உட்கார்ந்து பாருங்கள்.

எண்கள் அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சிதறிக் கிடந்தால், உங்கள் மனநிலைக்கும் சுழற்சிக்கும் பெரிய சம்பந்தம் இல்லை. தேர்வு, தூக்கம், வீட்டுச் சூழல் என்று வேறு பக்கம் தேட வேண்டும்.

கடைசி வாரத்தில் மட்டும் ஏறி, ரத்தப்போக்கு தொடங்கிச் சில நாளில் இறங்கி, அதன் பிறகு ஒரு வாரமாவது நன்றாக இருந்தால், அது மாதவிடாய்க்கு முந்தைய நோய்க்குறித் தொகுப்பு. மருத்துவர்கள் பி.எம்.எஸ். என்பார்கள். இரண்டு சுழற்சியிலும் இப்படி வர வேண்டும், ஒரு மாதத்தை வைத்து முடிவுக்கு வராதீர்கள். நன்றாக இருக்கும் அந்த வாரம்தான் இங்கே அடையாளம்.

மாதம் முழுக்கவே எண்கள் 3, 4 என்று நின்று, கடைசி வாரத்தில் 6 ஆகிறதா? இதைப் பலரும் பி.எம்.எஸ். என்று எடுத்துக்கொள்கிறார்கள். ஆனால் அடியில் மனச்சோர்வோ பதற்றநோயோ இருந்து, கடைசி நாட்களில் அது தீவிரமாகிறது என்பதுதான் பெரும்பாலும் இதற்குப் பொருள். இதற்கு வைத்தியம் அந்த ஒரு வாரத்துக்கு மட்டும் செய்தால் போதாது.

ரத்தப்போக்கு இருக்கும் நாட்களில்தான் மோசம் என்றால், முதலில் வலியையும் ரத்த இழப்பையும் பாருங்கள்.

6. உடம்பைச் சரிபார்த்துவிடுங்கள்

மனத்தின் தலையில் போடும் பல பழிகளுக்கு உடம்பில் காரணம் இருக்கும். கருப்பையைச் சுருங்கச் செய்யும் புரோஸ்டாகிளாண்டின் என்ற பொருள்தான் மாதவிடாய் வலிக்குக் காரணம். இபுபுரோஃபென், மெஃபனாமிக் அமிலம் போன்ற மாத்திரைகள் அது உருவாவதையே தடுக்கின்றன. அதனால் வலி உச்சத்துக்கு ஏறும்வரை பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருப்பதில் லாபம் இல்லை. தொடங்கும்போதே சாப்பாட்டுக்குப் பின் போட்டால்தான் நன்றாகக் கேட்கும். வயிற்றுப் புண், சிறுநீரகக் கோளாறு, ஆஸ்துமா உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் போடக் கூடாது. அடிவயிற்றில் வெந்நீர்ப் பை வைப்பதும் உண்மையிலேயே உதவும். மாத்திரைக்கும் அடங்காத வலி, மாதாமாதம் வகுப்புக்கோ வேலைக்கோ போகவிடாத வலி இயல்பானது அல்ல. எண்டோமெட்ரியோசிஸ் (கருப்பையின் உள்படலம் போன்ற திசு கருப்பைக்கு வெளியே வளர்வது) போன்றவை இளம்வயதிலேயே தொடங்கும், 'கல்யாணம் ஆனால் சரியாகிவிடும்' என்று தள்ளிப்போடுவதால் ஆண்டுகள்தான் வீணாகும்.

ரத்தப்போக்கு ஏழு நாளைத் தாண்டினாலோ, ஓரிரு மணி நேரத்துக்கு ஒருமுறை நாப்கின் முழுக்க நனைந்து மாற்ற வேண்டியிருந்தாலோ, இரும்புச்சத்தைப் பரிசோதித்துப் பாருங்கள். இரும்பு குறைந்தால் களைப்பு, எரிச்சல், கவனம் நிற்காமை மூன்றும் வரும். ஹீமோகுளோபினோடு, இரும்புக் கையிருப்பைக் காட்டும் ஃபெரிடினையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். ஹீமோகுளோபின் நார்மலாக இருக்கும்போதே உடலின் இரும்புக் கையிருப்பு தீர்ந்திருக்கலாம். தைராய்டையும் ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது.

7. அந்தக் கடைசி வாரத்துக்கு ஏற்பாடு

தூக்கத்தைத்தான் முதலில் காப்பாற்ற வேண்டும். முட்டை வெளிவந்த பிறகு உடல் வெப்பம் 0.3 முதல் 0.5 டிகிரி செல்சியஸ் வரை கூடும். அதனால் வழக்கமான போர்வையே புழுக்கமாக இருக்கலாம், தூக்கம் கலையலாம். அறையைக் குளிர்ச்சியாக வையுங்கள். மதியத்துக்கு மேல் காபி வேண்டாம். தேர்வுக்கு விழித்துப் படிக்கும் இரவுகளை இந்த வாரத்தில் முடிந்தவரை தவிருங்கள்.

உடற்பயிற்சி மனநிலைக்கு உதவும் என்பதற்குச் சான்றுகள் இருக்கின்றன. கடைசி வாரத்தில் மட்டும் செய்வதைவிட மாதம் முழுக்கச் செய்வதுதான் பலன் தரும். எழுந்திருக்கவே முடியவில்லை என்றால் கொஞ்ச நேரம் நடங்கள், போதும். கால்சியம் உணவையும் சேர்த்து நாளுக்கு 1,000 முதல் 1,200 மில்லிகிராம் கிடைத்தால் பி.எம்.எஸ். தொந்தரவு சிலருக்குக் குறைகிறது. வைட்டமின் பி6 மாத்திரையை மட்டும் சொந்தமாக வாங்கி விழுங்காதீர்கள். அளவு மீறி நாட்கணக்கில் எடுத்தால் நரம்பு பாதிக்கும், கை கால் மரத்துப்போகும். இனிப்பு சாப்பிடத் தோன்றினால் சாப்பிடுங்கள், அதற்காக உங்களையே திட்டிக்கொள்ளாதீர்கள். வேளா வேளைக்குச் சாப்பிடாமல் பசியோடு இருப்பதுதான் எரிச்சலை இன்னும் ஏற்றும்.

இனி உறவுகள். கோபத்தில் மெசேஜ் தட்டச்சு செய்தால் அனுப்பாமல் உங்கள் நோட்டில் ஒட்டிவையுங்கள். ரத்தப்போக்கு முடிந்த ஓரிரு நாள் கழித்து, சுழற்சியின் ஏறக்குறைய எட்டாம் நாளில், அதை எடுத்துப் படியுங்கள். பாதி உங்களுக்கே சிரிப்பாக இருக்கும். அதை அழித்துவிடலாம். மீதி அப்போதும் உண்மையாகவே தெரியும்: எடுத்துக்கொண்ட உழைப்பு, பிரித்துக்கொள்ளாத வீட்டு வேலை, எல்லோர் முன்னாலும் செய்த கேலி. அதை அன்றே பேசுங்கள். எட்டாம் நாளில் நிதானமாகச் சொல்லும் புகாரை 'டேட்' என்று சொல்லி யாரும் தட்டிக்கழிக்க முடியாது. பல பெண்கள் செய்வது இதற்கு நேர்மாறு. கடைசி வாரத்தில் வெடித்துவிட்டு, பிறகு வெட்கப்பட்டு மன்னிப்புக் கேட்டு, நியாயமான புகாரையும் சேர்த்தே விழுங்கிவிடுகிறார்கள். மூன்று வாரம் அடக்கியது நான்காவது வாரம் மறுபடி வெடிக்கிறது.

8. வீட்டில் இருப்பவர்கள் கவனத்துக்கு

பதினைந்து வயது மகள் கத்துகிறாள்: "என் ரூமுக்குள்ள வராதம்மா!" அம்மா வழக்கமாகச் சொல்வது: "இந்த நாலு நாளும் உன்கிட்ட வாயே கொடுக்கக் கூடாதுடி." சண்டை அதோடு பெரிதாகும். ஏனென்றால் மகள் சொல்ல வந்தது காதில் விழவே இல்லை.

"சரி, வரல. பசிச்சா சொல்லு" என்று நகர்ந்துவிட்டால் அன்றைக்கு அது போதும். மறுநாள், "நேத்து கதவைத் தட்டாம வந்துட்டேன், அதுக்குத்தானே கோபம்? இனிமே தட்டிட்டு வர்றேன். ஆனா நீயும் அப்படிக் கத்தாதே" என்று பேசலாம். மகளின் கோபத்துக்கு இருந்த காரணமும் ஒப்புக்கொள்ளப்படுகிறது, அவள் கத்தியதும் கணக்கில் வருகிறது. கடைசி வாரம் என்பதால் எதையும் சொல்லலாம் என்ற சலுகையை அவளுக்குக் கொடுக்கத் தேவையில்லை.

அண்ணன் தம்பிக்கும், கணவனுக்கும், காதலனுக்கும் ஒரே விதி. சண்டையின் நடுவில் தேதியைப் பற்றிக் கேட்காதீர்கள். உங்கள் கணக்கு சரியாகவே இருந்தாலும் கேட்காதீர்கள். அமைதியான நாளில் "அந்த வாரத்துல நான் என்ன பண்ணினா உனக்குச் சுலபமா இருக்கும்?" என்று கேளுங்கள். தனியாக விடு என்பாள் ஒருத்தி, பக்கத்தில் உட்கார் என்பாள் இன்னொருத்தி.

9. எப்போது மருத்துவரிடம் போக வேண்டும்

கடைசி வாரம் வந்தாலே படிப்பும் வேலையும் உறவும் உடைகிறது என்றால், அது பி.எம்.எஸ்.ஸைத் தாண்டிய பி.எம்.டி.டி. (மாதவிடாய்க்கு முந்தைய கடும் மனநிலைக் கோளாறு) என்ற நிலையாக இருக்கலாம். அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 2013-இல் தன் நோய்க் கையேட்டில் இதைத் தனி நோயாகவே சேர்த்தது. 11 அறிகுறிகளில் குறைந்தது ஐந்து இருக்க வேண்டும், அதில் ஒன்றாவது மனநிலை சார்ந்ததாக இருக்க வேண்டும், குறைந்தது இரண்டு சுழற்சிக்கு தினசரிக் குறிப்பு வேண்டும் என்பது அதன் விதி. நீங்கள் எழுதிய நோட்டு இப்போது மருத்துவ ஆவணம் ஆகிவிட்டது.

செத்துவிடலாம், என்னை நானே காயப்படுத்திக்கொள்ளலாம் என்ற எண்ணம் வந்தால் மட்டும் நோட்டு, சுழற்சி, கணக்கு எதற்கும் காத்திருக்காதீர்கள். அன்றைக்கே நம்பிக்கையான ஒருவரிடம் சொல்லுங்கள், மருத்துவமனைக்குப் போங்கள் அல்லது உதவி எண்ணை அழையுங்கள். 'பீரியட்ஸ் வந்தால் போய்விடும்' என்பது உண்மையாகவே இருந்தாலும், அதுவரை தனியாக இருக்கக் கூடாது.

சிகிச்சை இருக்கிறது. செரோடோனினைக் கூட்டும் எஸ்.எஸ்.ஆர்.ஐ. வகை மாத்திரைகள், ஃபுளூவாக்ஸெடின், செர்ட்ரலின் போன்றவை, பி.எம்.டி.டி.க்கு முதல் தேர்வு. மனச்சோர்வுக்கு இவை வேலை செய்ய வாரக்கணக்கில் ஆகும். பி.எம்.டி.டி.யில் பலருக்குச் சில நாட்களிலேயே பலன் தெரியும். அதனால் சுழற்சியின் இரண்டாம் பாதியில் மட்டும் போடும் முறையும் உண்டு. 25 வயதுக்குக் கீழே இருப்பவர்களுக்குத் தொடக்க வாரங்களில் தற்கொலை எண்ணம் கூடுகிறதா என்று வீட்டார் கவனிக்க வேண்டும்.

டிரோஸ்பைரினோன் என்ற செயற்கை ஹார்மோன் கலந்த கருத்தடை மாத்திரை இன்னொரு வழி. புகைபிடிப்பவர்களுக்கும், ரத்தம் உறையும் கோளாறு உள்ளவர்களுக்கும், கண்முன் ஒளி மின்னும் ஒற்றைத் தலைவலி உள்ளவர்களுக்கும் இதில் ஆபத்து உண்டு, அதை மருத்துவரிடம் மறைக்காதீர்கள். ஹார்மோன் மாத்திரைகளே சிலருக்கு மனநிலையைக் கெடுக்கவும் செய்யும். 2016-இல் வெளியான டென்மார்க்கின் பெரிய ஆய்வு ஒன்றில், அவற்றைப் பயன்படுத்திய பெண்கள், முக்கியமாகப் பதின்வயதினர், பிறகு மனச்சோர்வு மருந்து தொடங்குவது சற்று அதிகமாக இருந்தது. ஆகவே தொடங்கியதும் நோட்டையும் தொடருங்கள். மாத்திரை வேண்டாம் என்பவர்களுக்கு, சிந்தனையையும் நடத்தையையும் சீராக்கும் உளவியல் சிகிச்சை இருக்கிறது, இரண்டையும் சேர்த்தும் செய்யலாம்.

மருத்துவரிடம் போகும்போது "மூட் சரியில்லை டாக்டர்" என்று தொடங்கினால் "எல்லாப் பெண்களுக்கும் இருப்பதுதான்" என்ற பதிலோடு திரும்ப வேண்டியிருக்கும். "இரண்டு சுழற்சி எழுதியிருக்கிறேன். மாதவிடாய்க்கு முன் ஐந்து நாள் எரிச்சலும் அழுகையும் 5, 6 வரை போகிறது, பிறகு 1-க்கு வந்துவிடுகிறது, இந்த மாதம் இரண்டு நாள் கல்லூரிக்குப் போகவில்லை" என்று சொல்லி நோட்டை நீட்டுங்கள். அப்போதும் கேட்காத மருத்துவரிடம் மல்லுக்கட்ட வேண்டாம், அதே நோட்டோடு இன்னொருவரைப் பாருங்கள். மகப்பேறு மருத்துவர், மனநல மருத்துவர், யாரிடமும் தொடங்கலாம். சிகிச்சை தொடங்கியபின் மூன்று சுழற்சிக்கு அதே நான்கு எண்களை எழுதி, பழைய பக்கங்களோடு ஒப்பிட்டுப் பாருங்கள். கடைசி வார எண்கள் இறங்கவில்லை என்றால் மருந்தையோ அளவையோ மாற்றச் சொல்லிக் கேட்கலாம், மருத்துவரைக் கேட்காமல் நீங்களாக நிறுத்திவிட வேண்டாம்.